1968ஆம் ஆண்டு ஹெஸ்டனை ஏன் விட்டுவிட்டீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ஹாலிவுட் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டனின் அறிவியல் புனைகதைப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். நம் ஊரில் அவரை மோசேயாகவும் பென்ஹராகவும்தான் தெரியும். ஈஸ்டர் சமயத்தில் எங்கள் கோயில் வளாகத்தில் திரைகட்டிக் காட்டிய 'பத்துக் கட்டளைகள்' படத்தில், கடல் பிளக்கும்போது வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த சிறுவர்களில் நானும் ஒருவன். அவருடைய இன்னொரு முகத்துக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு நன்றி.

ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியை என்னால் ஏற்க முடியவில்லை. அவருடைய துப்பாக்கி அரசியலை நாலு வரியில் முடித்து, அது முதுமையில் மறதி நோயால் வந்த தடுமாற்றம் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். தேதிகளைப் பார்த்தாலே இது சரியில்லை என்று தெரியும். துப்பாக்கி உரிமைக்காக வாதாடும் அமெரிக்க அமைப்பான தேசிய ரைபிள் சங்கத்துக்கு அவர் தலைவரானது 1998இல். அல்சைமர் அறிகுறிகள் இருப்பதாக அவரே அறிவித்தது 2002 ஆகஸ்டில். தெளிந்த புத்தியோடு, முழு நம்பிக்கையோடு அவர் செய்த காரியம் அது. 1963இல் கறுப்பின மக்களின் உரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் நடத்திய வாஷிங்டன் பேரணியில் கலந்துகொண்டதும், துப்பாக்கி உரிமைக்காக மேடை ஏறியதும் ஒரே சுதந்திரப் போராட்டம்தான் என்றே அவர் கருதினார். அந்தக் கருத்து தவறு என்பது என் எண்ணம். அதை நோயின் தலையில் கட்டுவது அவருக்கும் நியாயமில்லை, அவரை எதிர்த்தவர்களுக்கும் நியாயமில்லை.

இன்னொரு பிழையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் பள்ளிப் படுகொலை முடிந்த சில நாட்களிலேயே பக்கத்திலிருக்கும் டென்வர் நகருக்குப் போய், துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கி, 'செத்து விறைத்த என் கையிலிருந்துதான் இதைப் பிடுங்க முடியும்' என்று அவர் முழங்கியதாகக் கட்டுரை சொல்கிறது. மைக்கேல் மூரின் ஆவணப்படத்தில் காட்சிகள் கோக்கப்பட்ட விதத்தால் பலரும் இப்படியே நினைக்கிறார்கள். அந்த முழக்கம் 2000 மே மாதம், வட கரோலினாவின் சார்லட் நகரில், அப்போதைய துணை ஜனாதிபதி அல் கோரைக் குறிவைத்துச் சொன்னது. ரைபிள் சங்கத்தின் டென்வர் கூட்டம் அதற்கு ஓராண்டு முன்பு, 1999 மே 1 அன்று நடந்தது. கொலம்பைனில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் சுடப்பட்டு 11 நாட்களே ஆகியிருந்தன. வராதீர்கள் என்று நகர மேயரே கேட்டுக்கொண்டார். கூட்டத்தைச் சுருக்கினார்களே தவிர, ரத்து செய்யவில்லை. வெளியே, மகனைப் பறிகொடுத்த ஒரு தந்தை கையில் அட்டையோடு நின்றார். இன்று நான் இங்கே நிற்பதைத்தான் என் மகன் எதிர்பார்ப்பான் என்பது அதில் இருந்த வாசகத்தின் சாரம். உள்ளே ஹெஸ்டன் பேசிக்கொண்டிருந்தார். உண்மையில் நடந்ததே இவ்வளவு கனமாக இருக்கும்போது, நடக்காததை எதற்குச் சேர்க்க வேண்டும்?

சரி, கட்டுரை முழுவதுமாக விட்டுவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். அவர் நடித்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' திரைக்கு வந்த அதே 1968இல் ஏப்ரலில் கிங் கொல்லப்பட்டார். ஜூனில், ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடியின் தம்பி ராபர்ட் கென்னடி. அந்த ஜூன் மாதமே சக நடிகர்கள் கிரகரி பெக், கிர்க் டக்ளஸ், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஆகியோரோடு சேர்ந்து துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஆதரித்து அறிக்கை கொடுத்தவர் ஹெஸ்டன். வேட்டைக்காரரின் துப்பாக்கியைப் பறிப்பது இதன் நோக்கம் அல்ல, அமெரிக்கர்கள் கொல்லப்படுவதைத் தடுப்பதே நோக்கம் என்பதுதான் அந்த அறிக்கையின் பொருள். அக்டோபரில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டு அது சட்டமானது. மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி வாங்குவதற்கு அது முற்றுப்புள்ளி வைத்தது. ஜான் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி தபாலில் வாங்கப்பட்டதுதான்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படங்களை மறுபடி பார்த்தேன். குரங்குகள் துப்பாக்கியோடு மனிதர்களை வேட்டையாடும் காட்சியைக் கவனியுங்கள். வேட்டை முடிந்ததும் மனிதப் பிணங்களுக்குப் பக்கத்தில் நின்று அவை போட்டோ எடுத்துக்கொள்கின்றன. ஹெஸ்டன் நடித்த டெய்லர் தொண்டையில் குண்டடி பட்டு, பாதிப் படம் வரை பேச்சே வராமல் கிடக்கிறான். 1970இல் வந்த இரண்டாம் படத்தின் முடிவு இன்னும் என்னை விடவில்லை. சுடப்பட்டுச் சாகும் டெய்லரின் ரத்தம் தோய்ந்த கை விசையின் மேல் விழுந்து, பூமியையே அழிக்கும் குண்டு வெடிக்கிறது. முப்பது வருஷம் கழித்துச் செத்த கையைப் பற்றி அதே மனிதர் முழங்கியபோது இந்தக் காட்சி அவர் நினைவுக்கு வந்திருக்குமா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்.

'ஒமேகா மேன்' படத்திலும் வீடு நிறைய ஆயுதம் வைத்திருக்கும் தனி மனிதன்தான். கடைசியில் ஈட்டி பட்டுச் சாகிறான். மிஞ்சியவர்களுக்கு வாழ்வு தருவது, சாகும்போது அவன் எடுத்துக் கொடுக்கும், கொள்ளைநோயை எதிர்க்கும் ரத்தப் புட்டி. இதைவிட ஆச்சரியம், 2001இல் வந்த 'பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்' மறுஆக்கத்தில் அவரே கிழட்டுக் குரங்காக வந்து, ஒளித்துவைத்த கைத்துப்பாக்கியை மகனுக்குக் காட்டி, மனிதனின் திறமையும் கொடூரமும் சேர்ந்தே வரும் என்று எச்சரிப்பது. அப்போது அவர் ரைபிள் சங்கத்தின் தலைவர்! கட்டுரையில் இந்தப் படத்துக்கு ஒரு வரிகூட இல்லை.

கொலம்பைனில் பயன்பட்ட துப்பாக்கிகளில் மூன்று, பின்னணி விசாரணை எதுவும் இல்லாமல் ஒரு துப்பாக்கிக் கண்காட்சியில் தனியாரிடம் வாங்கியவை. அந்த ஓட்டையை அடைக்க 2000 நவம்பரில் கொலராடோவில் வாக்கெடுப்பு நடந்தபோது, பத்துக்கு ஏழு பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன் ஹெஸ்டன் கையெழுத்திட்ட அறிக்கைக்கு மிக அருகில்தான் அவர்களும் நின்றார்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த 1968 அறிக்கை சில பத்திகள்தான் இருக்கும். அதைத் தமிழாக்கி அடுத்த இதழில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். சார்லட் உரையின் தேதியையும் அப்படியே திருத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நாற்பது வருட வாசகர்,
பாளையங்கோட்டை