கோழியை அடைத்தே வைக்காதே, பாப்பா

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் சுகம்தானே? உங்கள் கந்தப்பளை மலையில் குளிர் கூடிவிட்டது என்றாய், பிள்ளைக்குக் காதை மூடிவிடு.

கீரி இரண்டு கோழியைத் தூக்கிவிட்டதால் மிச்சத்தை இனிக் கூட்டை விட்டே இறக்கமாட்டேன் என்கிறாய். வேண்டாம் பாப்பா. மேய்ந்து பழகிய கோழிக்குக் கிளற மண் இல்லாவிட்டால் ஒன்றின் இறகை ஒன்று கொத்திப் பிடுங்கும். ரத்தம் கண்டுவிட்டால் விடவே விடாது. அதிலும் அந்தப் புள்ளிப் பெட்டை எந்தப் பொந்தைக் கண்டாலும் தலையை விட்டுப் பார்க்கிறது என்று நீதானே சந்தோஷமாகச் சொன்னாய்? அந்தத் துருதுருப்பை அடைத்துவைத்தால் எனக்கே மனசு கேட்காது.

கண்டிப்பாக அடைக்க வேண்டியது இரவில். மரநாயும் நரியும் இருட்டில் வரும், கோழிக்கோ இருட்டினால் கண் தெரியாது. மூடுபனி இறங்குகிற நாளில் நேரத்தோடே அடைய வந்துவிடும். எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்டு. கடையில் கோழிவலை என்று விற்கிற மெல்லிய கம்பியை நம்பாதே, மரநாய் இழுத்துப் பிய்த்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டிங் வலை வாங்கி அடி. அதே வலையைக் கூட்டைச் சுற்றி வெளிப்பக்கமாக ஒரு அடி அகலத்துக்குத் தரையில் விரித்துக் கல் அடுக்கு. தோண்ட வருவது கூட்டோரமாகத்தான் தோண்டும், நகம் கம்பியில் பட்டால் தோண்டுவதை விட்டுவிட்டுப் போய்விடும்.

பகலில் கீரியும் பருந்தும். காலையில் திறக்காதே. கூட்டிலேயே முட்டை போட்டு முடிக்கட்டும், பற்றைக்குள் போட்டுச் சாரைப்பாம்புக்குக் கொடுக்க வேண்டாம். பின்னேரம் நீ மரக்கறிப் பாத்தியில் நிற்கிற நேரம் திறந்துவிடு. ஆள் நடமாட்டம் இருந்தால் கீரி சுலபத்தில் கிட்ட வராது. பொழுது சாய்கிற நேரமானதால் கோழியும் தூரம் போகாது. தகரப் பேணியில் அரிசியைக் குலுக்கிக் கூப்பிட்டே தினமும் தீனி போடு, அவசரத்துக்கு அந்தச் சத்தம் போதும்.

பின்பக்கத் தேயிலையைக் கவனி. பருந்து வட்டமிட்டால் கோழி ஓடி ஒளிவது தேயிலைக்கு அடியில், கீரி பதுங்கி வருவதும் அதே வழியில்தான். அதனால் வீட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே பற்றையை வெட்டி வெளியாக்கு. அந்த வெளியில் பழைய தகரத்தைத் தாழ்வாக முட்டுக் கொடுத்து வை, ஓடி நுழைய இடம் வேண்டும். தேயிலைச் செடியைக் குட்டையாக நறுக்கிக் கவ்வாத்து வெட்டினால் மலை மொட்டையாகிவிடும், துளிர்த்து மூடும்வரை குஞ்சுகளைக் கூடையை விட்டு எடுக்காதே.

சேவலை விற்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதன் குரலைக் காது கொடுத்துக் கேள். மேலே பருந்தைக் கண்டால் மெல்லிசாக இழுத்து ஒரு சத்தம் வரும், எல்லாம் அப்படியே பதுங்கும். தரையில் நாயோ கீரியோ வந்தால் கொக்கொக்கென்று விடாமல் கத்தும். வானத்தைப் பார்ப்பதா, பற்றையைப் பார்ப்பதா என்று உனக்கு உடனே தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை கீரிக்குச் சுருக்குக் கம்பி கட்டலாம் என்றாராமே. நான் கெஞ்சிக் கேட்டேன் என்று சொல், கட்ட வேண்டாம். 2020-ல் நல்லதண்ணிப் பக்கம் கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தை, பிடித்துக்கொண்டு போய் வைத்தியம் பார்த்தும் பிழைக்கவில்லை. வயிற்றுப் பாட்டுக்கு வருகிற ஜீவனை அப்படிச் சாகடிக்கக் கூடாது. பேரன் ஓடித் திரிகிற இடம் வேறு. காவலுக்கென்று நாயை இரவில் வெளியே கட்டவும் வேண்டாம், சிறுத்தைக்கு நாய் என்றால் சுலபமான இரை.

போன இரண்டுக்குப் பதிலாக நம் கறுப்புப் பெட்டையின் முட்டை பத்துப் பன்னிரண்டு சேர்த்து வைத்திருக்கிறேன். உமியில் புதைத்து அப்பாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். பஸ்ஸில் குலுங்கி வரும், கூர்முனை கீழே இருக்க ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு அப்புறம் அடை வை.

அன்புடன்,
அம்மா