டாரட் எகிப்தில் பிறக்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன ஞாயிறு இணைப்பில், குறி சொல்லப் பயன்படுத்தும் டாரட் சீட்டு பற்றி வந்த கட்டுரையை ஆசையாகத்தான் எடுத்தேன், ‘ஐயாயிரம் ஆண்டு எகிப்திய ஞானம்’ என்ற வரியைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது. அந்தக் கதையைக் கிளப்பியவர் கூர் தெ ஜெப்லன் என்ற பிரெஞ்சுக்காரர், 1781இல். எகிப்தியச் சித்திர எழுத்தை ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் வாசித்துக் காட்டியதே 1822இல்தான்!

டாரட், 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த சீட்டாட்டம். கோப்பை, வாள், தடி, நாணயம் என்று நான்கு இனத்தில் 56 சீட்டு, அதற்கு மேல் படச்சீட்டு 22. முட்டாள் சீட்டு ஒன்றைத் தவிர மற்ற 21 படங்களும் வெட்டுச்சீட்டுகள், அவற்றுக்கு அன்றைய பெயர் ‘த்ரியோன்ஃபி’. நாம் 304 ஆடும்போது ‘துருப்பு’ என்கிறோமே, அதுவும் இதே வேரிலிருந்து ஐரோப்பியர் வழியாக நம்மிடம் வந்த சொல்தான்.

அப்புறம் படச்சீட்டுகளில் ஒன்றான அந்தத் ‘தொங்கும் மனிதன்’. தியாகம், ஞானத் தேடல் என்றெல்லாம் கட்டுரையில் விளக்கம். மிலானை ஆண்ட விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா குடும்பத்துக்காகத் தங்கத் தகடு ஒட்டி வரைந்த சீட்டுக்கட்டில் அந்தப் படத்தைப் பாருங்கள்: ஒரு கால் மட்டும் கட்டப்பட்டு, மறு கால் மடங்கி, கைகள் முதுகுக்குப் பின்னால் இருக்க, ஓர் இளைஞன் தலைகீழாகத் தொங்குகிறான். அன்றைய இத்தாலியில் துரோகிகளை இப்படி வரைந்து ஊரறிய அசிங்கப்படுத்துவது வழக்கம். அந்த மிலான் பிரபு பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்ஸாவின் அப்பாவையே ரோமில் இப்படித் தலைகீழாக வரைந்து மாட்டியிருந்தார்கள், அதனால் அந்த வீட்டில் சீட்டுப் போடும்போது இந்தப் படம் வந்து விழுந்தால் யாரும் ஞானத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.

அந்தச் சீட்டுக்கட்டில் இன்று 74 சீட்டுதான் மிச்சம். நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் 35, பெர்காமோவின் கர்ராரா அருங்காட்சியகத்தில் 26, பாக்கி 13 ஒரு குடும்பத்திடம். பேய்ச் சீட்டும் கோபுரச் சீட்டும் இல்லை. பல சீட்டுகளின் மேல் விளிம்பில் ஆணி அடித்த ஓட்டை வேறு இருக்கிறது, யாரோ சுவரில் மாட்டி அழகு பார்த்திருக்கிறார்கள் போல.

சரி, குறி கேட்பவர்கள் கேட்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. பிரான்சில் இன்றும் டாரட்டை நாலு பேர் உட்கார்ந்து சாதாரணமாக ஆடுகிறார்கள், அதைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம். அடுத்த இணைப்பில் அந்த எகிப்து வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
சீட்டுப் பிரியர் ஒருவர், மதுரை