சாம்பலை வாரியவர்களுக்கும் குறை சொன்னவர்களுக்கும் நன்றி

எங்கள் அனல்மின் நிலையத்தின் கடைசி யூனிட்டையும் நிறுத்தியாயிற்று. கன்ட்ரோல் ரூமில் வேலை பார்த்தவன் நான். பிரிவு விழாவில் பேசியவர்கள் எல்லாரும் மெகாவாட்டைச் சொன்னார்கள், டர்பைனைச் சொன்னார்கள், எங்களைப் போன்றவர்களை மேடையேற்றிப் பாராட்டினார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த மேடையில் பெயர் வராதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்த மடல்.

முதலில் கரிக் களத்து அண்ணன்மாருக்கு. குவித்து வைத்த நிலக்கரி சும்மா கிடக்காது. காற்று உள்ளே புகுந்தால் தானாகவே சூடேறி, யாரும் பற்றவைக்காமலே புகைய ஆரம்பிக்கும். அதனால்தான் குவியலை புல்டோசர் ஏற்றி இறுக்கிக்கொண்டே இருந்தீர்கள். பழைய கரி அடியில் தங்கிவிடாமல் முதலில் எடுத்து அனுப்பினீர்கள். கன்வேயருக்கு அடியில் சிந்திய தூளை ஷிப்டு தவறாமல் வாரிய அக்காக்களே, உங்கள் வேலையைக் கூட்டிப் பெருக்குவது என்று பதிவேட்டில் எழுதியிருக்கலாம். மூடிய இடத்தில் கரித்தூள் காற்றில் கலந்து நின்றால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். நீங்கள் செய்தது தீத்தடுப்பு வேலை. அதற்குரிய கூலியும் மரியாதையும் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் என் கருத்து.

அப்புறம் பாய்லர் வெல்டர்கள். சுமார் 540 டிகிரி நீராவி, டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று என்று நாங்கள் திரையில் எண்களாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். குழாயில் ஓட்டை விழுந்து யூனிட் நின்றால், வெப்பம் முழுதாக ஆறாத அந்த இருட்டுக்குள் இறங்கியவர்கள் நீங்கள். கை நுழையாத சந்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்துப் பற்றவைத்தீர்கள். இணைப்பு எக்ஸ்ரே சோதனையில் தேறிய பிறகுதான் வெளியே வந்து உட்கார்ந்தீர்கள். நன்றி.

இனி, விழாவுக்கு அழைக்கப்படாதவர்கள். சாம்பல் விழுகிறது என்று வாசலில் வந்து நின்ற அக்கம்பக்கத்துக் குடும்பங்கள்.

இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். எரிந்த கரியின் சாம்பலில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, புகையோடு பறக்கும் நுண்சாம்பல். அதைப் பிடிக்கத்தான் மின்புலத்தில் தூசியை ஈர்க்கும் வீழ்படிவுக் கருவி இருக்கிறது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரெடரிக் காட்ரெல் என்ற அமெரிக்க வேதியியலாளர் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நன்றாக ஓடினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிடித்துவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாளுக்கு 10,000 டன் கரி, அதில் 30 சதவீதம் சாம்பல் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2400 டன் நுண்சாம்பல். அதில் ஒரே ஒரு சதவீதம் தப்பினாலும் நாளுக்கு 24 டன் தூசி காற்றில். கருவியின் ஒரு பகுதி பழுதாகி நின்றால் இது எவ்வளவு கூடும்! கொடியில் காயும் துணியில்தான் அது முதலில் தெரியும், எங்கள் திரையில் இல்லை.

அந்தத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர்களே, நீங்கள் சத்தம் மட்டும் போடவில்லை. எந்த நாள், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து என்று நோட்டில் எழுதி வைத்திருந்தீர்கள். உங்கள் நோட்டையும் எங்கள் ஷிப்டுப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, கருவியில் எந்தப் பகுதி அடிக்கடி நிற்கிறது என்று துல்லியமாகத் தெரிந்தது. புதுத் தகடுகளும் மின்மாற்றிகளும் வந்தது அதன் பிறகுதான். வளர்ச்சிக்கு எதிரிகள் என்று உங்களைச் சொன்னார்கள். நிலையத்தை ஒழுங்காக ஓட வைத்ததில் உங்கள் பங்கு எந்தப் பொறியாளரின் பங்குக்கும் குறைந்ததில்லை. இங்கே உற்பத்தியான மின்சாரம் கம்பி வழியே எங்கெங்கோ போனது. சாம்பல் மட்டும் உங்களோடு தங்கியது. அதையும் பொறுத்துக்கொண்டு எங்களோடு பேசினீர்களே, அதற்கும் நன்றி.

கிணற்று நீரை எடுத்துப்போய் சோதித்துக் கொடுத்த கல்லூரி மாணவர்களுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் நன்றி. சாம்பலை நீரோடு கலந்து தேக்கி வைக்கும் சாம்பல் குளத்து நீர் கசிந்தால் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் போரான் என்ற தனிமம். அதோடு ஆர்செனிக்கையும் பாருங்கள் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நீங்கள்தான். வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் மூச்சைக் கவனித்த செவிலியர்களுக்கும் நன்றி.

நிலையம் மூடப்படும் என்று தெரிந்ததும் நிரந்தர ஊழியர்களுக்கு இடமாற்றம் கிடைத்தது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு என்ன வழி? நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்படுவது நமக்கு மட்டும் நடப்பதல்ல. 1882-இல் லண்டனில் நிலக்கரி எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய பிரிட்டன், தன் கடைசி நிலக்கரி நிலையமான ராட்கிளிஃபை 2024 செப்டம்பர் 30 அன்று நிறுத்தியது. தொழிலாளர்களைக் கைவிடாத நியாயமான மாற்றம் வேண்டும் என்று 2015-ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தின் முன்னுரையிலேயே இருக்கிறது. அந்த வரியை அச்சடித்து எடுத்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஏறி இறங்கிய தொழிற்சங்கத் தோழர்களே, ஒப்பந்தக்காரர்களின் வருகைப் பதிவேட்டில் விட்டுப்போன பெயர்களைக் கூட ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தீர்கள். நிலுவைப் பணமும் புதுத் தொழில் பயிற்சியும் அந்தப் பெயர்களுக்கும் கிடைத்தது உங்களால்தான். கரிக் களத்தில் பாதி வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் நேரில் பார்த்தேன்.

பாய்லர் அணைந்தாலும் சாம்பல் குளம் அங்கேயேதான் இருக்கிறது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் கிங்ஸ்டன் நிலையத்தின் சாம்பல் தேக்கக் கரை 2008 டிசம்பர் 22 அன்று உடைந்து, 40 லட்சம் கன மீட்டருக்கு மேல் சேறு வெளியே பாய்ந்தது. ஆகவே கரையைச் சுற்றிப் பார்க்க ஆள் வேண்டும், கிணற்று நீரைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும், உலர்ந்த சாம்பல் காற்றில் கிளம்பாமல் மண் மூடிப் புல் வளர்க்க வேண்டும். மூடிய பிறகும் இவை நடக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்கியவர்களுக்கும், முறை வைத்துக் கரையைச் சுற்றிவர ஒத்துக்கொண்ட பழைய சாம்பல் பிரிவு ஊழியர்களுக்கும் என் நன்றி. மழைக்கால முறைக்கு இன்னும் சிலர் தேவைப்படுவார்கள். என் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
கன்ட்ரோல் ரூம் ஊழியன் ஒருவன்