குதுப்

அன்புள்ள மகளுக்கு,

நேற்றுப் பேசியபோது உன் வேலை, தூக்கம், உன் அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் வந்தன. அரபு வகுப்பைப் பற்றி நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இது நான்காவது வாரம்.

தினமும் பத்து நிமிடமாவது வாய்விட்டுப் படி. 28 எழுத்துகளையும் நீ வலமிருந்து இடமாக எழுதிப் படம் அனுப்பியபோது, அலிஃப், வாவ் உள்ளிட்ட ஆறு எழுத்துகள் மட்டும் தமக்கு அடுத்த எழுத்தோடு சேர்வதில்லை என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்திருந்தாய். அந்தப் படத்தை உன் பெரியப்பாவிடம் இரண்டு முறை காட்டினேன். தொடங்கியதை முடிப்பவள் என்று உன்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அந்தச் சொல்லை நீ காப்பாற்ற வேண்டாமா?

எழுத்தைக் கடந்த பிறகுதான் இந்த மொழி சோதிக்கிறது. உயிர்க்குறிகளை அச்சில் பெரும்பாலும் விட்டுவிடுவதால், காஃப், தா, பா என்ற மூன்று எழுத்துகளைக் 'கதப' என்று படித்தால் எழுதினான், 'குதிப' என்று படித்தால் எழுதப்பட்டது, 'குதுப்' என்று படித்தால் நூல்கள். எது என்பதை வாக்கியத்தின் பொருள்தான் காட்டும். ஆகவே வாய்விட்டுப் படி, 'ஐன்' என்ற எழுத்தின் ஒலி தொண்டையிலிருந்து வரும்வரை படி.

'குதுப்' என்று எழுதியதும் என் கை நின்றுவிட்டது. அன்று தொலைபேசியில் நீ வாசித்த பத்தியில் அந்தச் சொல் வந்தது. நான் இடைமறித்து, நூல் என்று பொருள்படும் 'கிதாப்' என்பதோடு 'ஆத்' சேர்த்துக் 'கிதாபாத்' என்று சொல்ல வேண்டும், இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன். நீ பிறகு வாசிக்கவில்லை. நம் 'கள்' போல ஈற்றில் ஒட்டாமல், சொல்லின் உள்ளேயே உயிர்கள் மாறிப் பன்மையாகும் என்பதை நான் கற்றதே இல்லை. நான் அரபு வகுப்புக்குப் போனபோது எழுதிய பச்சை நோட்டு அந்தப் பாடத்துக்கு முன்பே நின்றுவிட்டது. அன்றிரவே அகராதியில் காஃப், தா, பா என்ற அந்த வேர் எழுத்துகளின் கீழ் தேடினேன். நீ சொன்னதுதான் சரி. அதை மறுநாள் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

நேரமில்லாமல் வகுப்பை விட்டேன் என்று உங்களிடம் சொன்னதும் உண்மையல்ல. என்னைவிட இளையவர்கள் முன் ஆசிரியர் என்னைத் திருத்தியதைத் தாங்க முடியாமல்தான் விட்டேன். அவர் திருத்தியதாவது சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது அந்தப் பத்தியை முதலிலிருந்து வாசிப்பாயா, அம்மா? நீ முடிக்கும்வரை நான் வாய் திறக்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா