சங்கடஹர சதுர்த்தி மாலையில் நெருல் கரை

நெருல், நவி மும்பை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு நடைதான் மருந்து என்று மருத்துவர் சொல்லிவிட்டதையும், தை மாதம் மகள் வீட்டுக்கு வரும்போது படிக்கட்டும் மேடுபள்ளமும் இல்லாமல் நடக்க இங்கே ஏதேனும் இடம் உண்டா என்று நீ கேட்டிருப்பதையும் படித்தேன். உண்டு. நான் மாலையில் நடப்பதும் அங்கேதான். ஹார்பர் லைன் புறநகர் ரயிலில் வந்து சீவுட்ஸ் நிலையத்தில் இறங்கினால், ஆட்டோவில் சற்று நேரத்தில் பாம் பீச் சாலையைக் கடந்து, 'ஜுவல் ஆஃப் நவி மும்பை' என்பதை 'ஜுவல்' என்று எல்லோரும் சுருக்கி அழைக்கும் குளக்கரைக்கு வந்துவிடலாம். கரையைச் சுற்றித் தளம் பாவிய சமமான பாதை. காலுக்கு எந்தச் சோதனையும் வைக்காத பாதை. காலையில் கூட்டம் மிகுதியாக இருக்கும் என்பதால், பேசிக்கொண்டே மெல்ல நடக்க விரும்பும் நமக்கு மாலைதான் பொருந்தும்.

அந்தக் குளம் அழகுக்காக வெட்டியதன்று. 1970இல் தொடங்கப்பட்ட சிட்கோ என்னும் அரசு நகர்வளர்ச்சி நிறுவனம் நவி மும்பையைத் திட்டமிட்டபோது, நகரின் பெரும்பகுதி பெரிய ஓதத்தின், அதாவது கடல் ஏற்றத்தின், மட்டத்துக்குக் கீழே கிடக்கும் சதுப்பு நிலமாக இருந்ததால், மழைநீரைத் தேக்கிவைத்துப் பிறகு வெளியேற்றும் குளங்களைப் பல இடங்களில் அமைத்தார்கள். கடல் ஏறும்போது மதகுக் கதவுகள் தாமே மூடிக்கொள்ள, ஊருக்குள் பெய்த மழை குளத்தில் தங்கும். கடல் இறங்கியதும் கதவு திறந்து நீர் வடிந்துவிடும். உப்புநீர் வயலுக்குள் ஏறாமல் காக்கும் உங்கள் காவிரிக் கடைமடை இயக்கு அணைகளைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பாதையின் கடற்பக்கம் முழுவதும் அலையாத்தி. முத்துப்பேட்டைக் காயலில் நாம் படகில் போய்ப் பார்த்தோமே, அதே வெண்கண்டல் மரங்கள்தாம், மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையே ஓடும் தாணே கழியின் இரு கரைகளிலும் பெரும்பான்மை. சேற்றிலிருந்து விரல் விரலாய் நிமிர்ந்து நிற்கும் அதே மூச்சுவேர்கள். வேறுபாடு ஓதத்தில்தான். உங்கள் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை; இங்கே மழைக்காலத்து அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதத்தின் உயரம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாள்களைச் செய்தித்தாள்கள் முன்கூட்டியே பட்டியலிடுகின்றன.

ஆகையால் இங்கே நடைக்குப் போக நான் கடிகாரத்தைவிட நாள்காட்டியைத்தான் நம்புகிறேன். கடல் இறங்கியிருக்கும் நேரத்தில் பூநாரைகள் கழியின் நடுவே விரிந்த சேற்றுப்பரப்பில் மேய்கின்றன. நமக்குத் தெரிவதெல்லாம் தொலைவில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு. கடல் ஏறிச் சேறு மூழ்கியதும், நிற்க இடமில்லாமல் நெருலின் கரையோரக் குளங்களுக்குப் பறந்து வந்து, பாதையில் நடப்பவர் வெறுங்கண்ணால் காணும் தொலைவில் இறங்குகின்றன. பௌர்ணமியன்று இங்கே ஓதம் உச்சத்தை எட்டுவது நண்பகலையொட்டி. பிறகு நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். கணக்குப் போட்டுப் பார்: சங்கடஹர சதுர்த்தியன்று பிற்பகல் மூன்று மணியளவில் கடல் நிறைந்திருக்கும். வெயில் தணிந்து நாம் நான்கு மணிக்குமேல் போனாலும் பறவைகள் குளத்தில்தான் இருக்கும். சேறு தெரியத் தெரியக் கூட்டம் கூட்டமாக எழுந்து கழிக்குத் திரும்புவதையும் பார்த்துவிடலாம். அஷ்டமியை ஒட்டிய நாள்களில் ஓதம் காலையும் மாலையும் வந்தாலும், அதற்கு அவ்வளவு வலுவில்லை.

நீ கோடியக்கரையில் கண்டவை பெரும் பூநாரைகள். இங்கே மிகுதியாக வருபவை சிறு பூநாரைகள். உருவில் சிறியவை, நிறத்தில் அடர்ந்தவை. அலகைத் தலைகீழாக நீரில் வைத்து நீலப்பச்சைப் பாசியை வடிகட்டி உண்கின்றன. அந்தப் பாசியின் நிறமிகள்தாம் இறகுக்கு ஏறுகின்றன. குஞ்சுப் பருவத்தில் அவை சாம்பல் நிறம் என்பதை என் பேத்தி இன்னும் நம்ப மறுக்கிறாள்.

ஒரு வருத்தத்தையும் எழுதிவிடுகிறேன். கழியின் ஒரு பகுதி 2018இல் பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது, உங்கள் கோடியக்கரை 2002இலேயே பெற்ற அதே தகுதி. ஆனால் சரணாலயம் வாஷிப் பாலத்துக்கு வடக்கே இருக்க, பறவைகள் ஒதுங்கும் நெருல் குளங்கள் தெற்கே இருக்கின்றன. அந்தக் குளங்களுக்குள் ஓதநீர் நுழையும் வாய்க்கால் அடைபட்டால் குளம் வற்றியோ பாசி மூடியோ போய்விடும். அப்படி ஆனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நடைப்பயிற்சித் தோழர்கள் சிலர் இன்னும் விளக்குகளும் தின்பண்டக் கடைகளும் வேண்டுமென்று மனு எழுதுகிறார்கள். என்னிடம் கையெழுத்துக் கேட்டபோது, வாய்க்காலைத் தூர்வாரும் கோரிக்கையை முதலில் சேர்த்தால் போடுகிறேன் என்றேன். இன்னும் சேர்க்கவில்லை, நானும் போடவில்லை.

தொப்பியும் தண்ணீரும் போதும். ஊன்றுகோல் கொண்டுவரக் கூச்சப்படாதே, இங்கே பாதிப் பேர் கையில் அதுதான். உன் பழைய தொலைநோக்கி இன்னும் இருந்தால் எடுத்து வா. தை மாதத்துச் சதுர்த்தி எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்து, அதற்கு இரண்டு நாள் முன்னதாக வந்து சேரும்படி ரயிலில் முன்பதிவு செய்துவிட்டு எனக்கு எழுது. மகளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உன் அன்பு நண்பன்