இரண்டாவது தடவையும் உள்ளே வந்தவர்களுக்கு

மொடக்குறிச்சிப் பக்கத்துச் சொந்தபந்தங்களுக்கும், மகளிர் குழுத் தோழிகளுக்கும், கோவையில் கீமோ ஏறும்போது பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த அக்காமார்களுக்கும் வணக்கமுங்க.

2021-இல் எனக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்று தெரிந்தபோது வீடு கொள்ளாத ஒரம்பரை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் திண்ணை வரை அடுக்கிக் கிடந்தன. ஆபரேஷன், ஆறு கீமோ எல்லாம் முடிந்து, முடியும் வளர்ந்து, "தப்பிச்சுட்டா" என்று ஊரே சொன்னது. நானும் நம்பினேன். கடைசி கீமோ முடிந்து பத்தொன்பது மாதம் கழித்து, 2023 ஆவணியில் அது திரும்பி வந்தது. இந்த நோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் சிஏ 125 அளவு 35-க்குள் இருக்க வேண்டும், எனக்கு 212-இல் நின்றது. இந்தத் தடவை ஆப்பிள் வரவில்லை. வந்தவர்களில் பாதிப்பேர் மாமியாரிடம் வாசலிலேயே தணிந்த குரலில் விசாரித்துவிட்டுப் போனார்கள். கோபமில்லை, என்ன பேசுவதென்று தெரிந்திருக்காது. ஆனால் இந்த மடல், உள்ளே வந்து என் கட்டிலில் உட்கார்ந்தவர்களுக்குத்தான்.

முதலில் என் அண்ணன் சம்சாரம், எங்கள் நங்கையா. முதலில் பார்த்த இடத்தில் டாக்டர் என்னை வெளியே உட்கார வைத்துவிட்டு என் வீட்டுக்காரரிடம், "இனிச் செலவு பண்ணிப் பிரயோசனமில்லீங்க, கூட்டிட்டுப் போயிருங்க" என்றாராம். என் உடம்பைப் பற்றிய சேதி எனக்கு மூன்று நாள் கழித்துத்தான் வந்தது. நங்கையா கேட்ட ஒரே கேள்வி: "ஒருத்தரு சொன்னா ஆச்சா? இன்னொருத்தரைக் கேக்கக் கூடாதா?" டிஸ்சார்ஜ் சீட்டு மட்டும் போதாது, பழைய பயாப்சியில் எடுத்த சதையின் ஸ்லைடும், அதைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியும் வேண்டும் என்று யாரிடமோ விசாரித்து, லேப் வாசலில் ஒரு பகல் முழுக்க நின்று வாங்கி வந்தார். அன்று ராத்திரியே ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸ். புற்றுநோய்க்காரர்களுக்கு ரயிலில் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக்கொண்டால் ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்குக் கால் பங்குதான். இது எனக்கு முதல் தடவை தெரியாது. யாரும் சொல்லவில்லை.

சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் என்னையும் உட்கார வைத்துப் பேசினார்கள். எனக்கு முதலில் ஏறிய கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகை மருந்து முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் கழித்து நோய் திரும்பினால், அதே மருந்து மறுபடி கேட்க நல்ல வாய்ப்பு உண்டு என்று விளக்கினார்கள். முழுசாகக் குணமாகும் என்று சொல்லவில்லை. அடக்கி வைக்கலாம், நாளைக் கூட்டலாம் என்றார்கள். அந்தப் பேச்சு எனக்குப் போதுமானதாக இருந்தது. சிகிச்சையைக் கோவையிலேயே எடுத்துக்கொள்ள எழுதியும் கொடுத்தார்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒன்றரை ஏக்கர் மஞ்சள்காரிக்கு அதில் சிக்கலில்லை, சான்றிதழ் வாங்குவதுதான் சிக்கல். அதை இரண்டே நாளில் முடித்துக் கொடுத்த கிராம நிர்வாக அலுவலருக்கு நன்றிங்க.

கோவை கீமோ வார்டு நர்சம்மாவை நான் சாகும்வரை மறக்க முடியாது. கார்போபிளாட்டின் பழகிய மருந்துதானே என்று நான் அசட்டையாக இருந்தேன். அவர் மட்டும் பக்கத்திலேயே நின்றார். "ஏழெட்டுத் தடவைக்கு மேல ஏறும்போதுதான் சில பேருக்கு இது அலர்ஜி ஆகுமுங்க. உள்ளங்கை அரிச்சா உடனே சொல்லோணும்." பழைய ஆறையும் சேர்த்து எட்டாவது தடவை. கால் மணி நேரத்தில் உள்ளங்கை அரித்தது, முகம் சிவந்தது, மூச்சு இறுகியது. நான் வாயைத் திறப்பதற்குள் சொட்டு நின்றிருந்தது. அதற்கப்புறம் மருந்தை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, பல மணி நேரம் எடுத்து ஏற்றினார்கள். மீதி நான்கும் அப்படித்தான் முடிந்தன.

அடுத்து என் அண்ணன். ரத்தச் சோதனையில் எனக்கு பிஆர்சிஏ 1 மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. இது அப்பா, அம்மா யார் வழியாகவும் வரலாம், ஆண்களும் சுமப்பார்கள், பிள்ளைகளுக்குப் போக ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணன் மகள் அப்போது கல்யாணத்துக்கு நின்ற பெண். இப்படியொரு பேச்சு வெளியே போனால் நம்ம பக்கம் என்ன ஆகுமென்று உங்களுக்கே தெரியும். அண்ணன் ஒரு வாரம் தோட்டத்திலேயே படுத்துக் கிடந்தார். பிறகு ஒரு நாள் விடியற்காலை வந்து, "எங்கீம்மா ரத்தம் குடுக்கோணும்?" என்றார். முடிவு என்ன என்று இங்கே எழுத மாட்டேன், அது அவர் வீட்டுச் சேதி. ஆனால் அண்ணா, அந்தக் காலை நேரத்துக்காக இந்த ஊர் முன்னால் கும்பிடுகிறேன்.

வலி அதிகமான மாதங்களில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் செவிலியர் வீட்டுக்கே வந்தார். மாமியார் பயந்துவிட்டார், "கடேசி காலத்துக்குத்தானே இவங்க வருவாங்க?" வலியைக் குறைப்பதும் வைத்தியம்தான், கீமோ நடக்கும்போதே செய்யலாம் என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார். அன்றைக்குத்தான் நான் ராத்திரி தூங்கினேன்.

முள்சீத்தா இலையும் மஞ்சள் மாத்திரையும் கொண்டுவந்த பாசக்காரர்களே, கோவித்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் வெளைகிற பூமியில் பிறந்தவளுக்கே மஞ்சளா? குழம்பில் போடுவது போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தாளிக்கிற வாசனையே ஆகாத நாட்களில் கொழகொழவென்று அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்த எதிர்வீட்டு அக்காவுக்குக் கடன்பட்டிருக்கிறேன். பஸ்ஸில் என் மொட்டைத் தலையைப் பார்த்து, "பழனிக்குங்களா அம்மிணி?" என்று கேட்ட ஆத்தாவிடம் ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். முருகன் கணக்கில் ஒரு பொய்.

இப்போது நோயை அடக்கி வைக்க ஓலாபரிப் மாத்திரை, காலையில் இரண்டு, ராத்திரி இரண்டு. மாதமொரு ரத்தச் சோதனை. ரத்தம் குறையும்போது வந்து கொடுத்த ஊர்ப் பசங்களே, இன்னும் தேவைப்படலாம், போனை எடுங்கள். அடுத்த ஸ்கேன் தை மாதம்.

மகளிர் குழுவில் என் ஐந்து மாதக் கிஸ்தியை நீங்கள் பங்கு போட்டுக் கட்டியது எனக்குத் தெரியாதென்று நினைத்தீர்கள். நோட்டைப் பார்த்துவிட்டேன். மாசியில் மஞ்சள் வெட்டி விற்றதும் ஒவ்வொரு வீடாக வருவேன். யாரும் வேண்டாமென்று சொல்லக் கூடாது.