‘நடத்தையில் சந்தேகம்’ செய்திகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘நடத்தையில் சந்தேகம்: மனைவியை வெட்டிய கணவன்’ என்றே செய்தி வருகிறது. படிப்பவர் அந்தப் பெண்ணின் நடத்தையைத்தான் எடைபோடுகிறார். பார்க்க வேண்டியது சந்தேகப்பட்ட மனதை.

சந்தேகம் வந்ததும் கை செல்போனுக்குப் போகிறது. ‘லொகேஷன் போடு’ என்று கேட்டு வாங்கினாலும் மனம் ஆறாது. பெங்களூரு எம்.ஜி. ரோட்டில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக் போகிறவரின் புள்ளி, ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் பழைய இடத்திலேயே நின்றுவிடலாம்; ஜி.பி.எஸ். சிக்னல் மண்ணுக்கடியில் எட்டாது. ‘அங்கே உனக்கு என்ன வேலை?’ என்று அன்றிரவு சண்டை. வாட்ஸ்அப்பில் ‘ஆன்லைன்’ என்று தெரிந்தால் ஆப் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றும் சிக்காவிட்டால் ‘அழித்திருப்பாள்’ என்று அடுத்த சந்தேகம் முளைக்கும். வேவு பார்க்கப்படுகிறவரோ பயந்து, ஆபீஸில் யாரோடு டீ குடித்தோம் என்பதைக்கூட மறைக்கத் தொடங்குவார். அது வெளிவரும் நாளில் வீடு ரெண்டுபடும்.

சந்தேகம் வந்த தம்பதிகளுக்குச் சொல்வது: வேவு பார்க்காமல், பேச நேரம் குறியுங்கள். அரை மணி போதும். இரவு 11 மணிக்கு மேல் வேண்டாம், குடித்திருக்கும்போது வேண்டவே வேண்டாம். கண்ணால் கண்டதையும் ஊகித்ததையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். ‘மூன்று நாளாக 9 மணிக்கு மேல் வருகிறீர்கள்’ என்பது கண்டது. ‘வேறு யாரோ இருக்கிறாள்’ என்பது ஊகம். கண்டதிலிருந்து ஆரம்பியுங்கள். உண்மையிலேயே தப்பு நடந்திருந்தால் மொத்தமாகச் சொல்லிவிடுவது மேல். தவணை முறையில் ஒப்புக்கொண்டால், ஒவ்வொரு தவணைக்கும் பழைய காயம் புதிதாகத் திறக்கும்.

எந்த ஆதாரமும் இல்லாமல், எத்தனை விளக்கினாலும் ‘துரோகம் நடக்கிறது’ என்ற அசையாத நம்பிக்கை, உள்ளாடையைச் சோதிப்பது, வேலைக்குப் போகும் வழியெல்லாம் பின்தொடர்வது என்று முற்றினால் அது மனநோயாக இருக்கலாம். நெடுநாள் குடிப்பழக்கம் உள்ளவர்களிடம் இதைக் காணலாம். ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று பெரியவர்கள் அனுப்பி வைப்பது இங்கேதான் ஆபத்தாக முடிகிறது. மனநல மருத்துவரிடம் போக வேண்டும். மருந்தில் குறைய வாய்ப்பு உண்டு. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. அடியோ கொலை மிரட்டலோ இருந்தால் சமாதானப் பேச்சு பிறகு. முதலில் அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் பத்திரமான இடத்துக்குப் போகட்டும்.

இனி இப்படிச் செய்தி போடும்போது, அதன் கீழேயே மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, பெண்கள் உதவி எண் 181 இரண்டையும் அச்சிடுங்கள். தலைப்பில் ‘நடத்தை’ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள்.

குடும்பநல ஆலோசகர்கள்,
அல்சூர், பெங்களூரு